விண்வெளிக் கரண்ட்டுக்குக் கொக்கி போட முடியுமா?

சுமார் 200 கோடி ஒளியாண்டுக்கு அப்பால் 3சி 303 என்றொரு விண்மீன் மண்டலம் இருக்கிறது. அதன் நடுவிலிருந்து பீறிட்டுக் கிளம்பும் தாரையில் எவ்வளவு மின்சாரம் ஓடுகிறது என்று 2011-இல் ஓர் ஆய்வுக் குழு கணக்குப் போட்டது. வந்த விடை, 1 போட்டு அதன் பின்னால் 18 சைபர் போட்டால் எவ்வளவோ அவ்வளவு ஆம்பியர். நம் வீட்டு ஏசி இழுப்பது ஐந்தாறு ஆம்பியர். ஒரு மின்னல் வெட்டில் பாய்வது சில பத்தாயிரம் ஆம்பியர்.

இப்படி ஓர் எண் காதில் விழுந்ததும் அடுத்த கேள்வி தானாக வந்துவிடுகிறது. அண்டம் முழுக்க இவ்வளவு கரண்ட் சும்மா ஓடிக்கொண்டிருக்கும்போது, எதற்காக ராக்கெட்டில் டன் கணக்கில் எரிபொருள் நிரப்ப வேண்டும்? மின்கம்பியில் கொக்கி போடுகிற மாதிரி விண்கலத்திலிருந்து ஒரு கம்பியை நீட்டிவிட்டு விண்மீன் விட்டு விண்மீன் போக முடியாதா?

கேள்வி அபத்தமானது அல்ல. இயற்பியலில் நோபல் பரிசு பெற்றவர் ஒருவரே ஏறக்குறைய இதைக் கேட்டிருக்கிறார். கொக்கி போட்டுப் பார்த்த சோதனைகளும் நடந்திருக்கின்றன. ஆனால் "கரண்ட் ஓடுகிறது" என்ற சொற்றொடர் நம் மனத்தில் எழுப்பும் படம் விண்வெளிக்குப் பொருந்தாது. குழப்பம் அங்கேதான் தொடங்குகிறது.

விண்வெளியில் கரண்ட் எப்படி வந்தது?

விண்வெளியை வெற்றிடம் என்று படித்திருப்போம். உண்மையில் அங்கே மிக மெல்லிய பிளாஸ்மா நிரம்பியிருக்கிறது. அணுக்களிலிருந்து எலக்ட்ரான்கள் பிய்ந்து, நேர்மின் துகள்களும் எதிர்மின் துகள்களும் தனித்தனியே திரியும் வாயுவுக்குப் பிளாஸ்மா என்று பெயர். பூமிக்கு அருகே சூரியனிலிருந்து வீசும் பிளாஸ்மாவில் (இதற்குச் சூரியக் காற்று என்று பெயர்), ஒரு கன சென்டிமீட்டருக்கு ஐந்து புரோட்டான் அளவில் இருக்கும். அதே எண்ணிக்கையில் எலக்ட்ரான்களும் இருப்பதால் மொத்தத்தில் மின்சுமை சைபர்.

இரண்டும் ஒரே திசையில் ஒரே வேகத்தில் போனால் கரண்ட் கிடையாது. இரண்டுக்கும் இடையே வேகத்தில் சிறு வித்தியாசம் வந்தால் அதுதான் மின்னோட்டம். மின்னோட்டம் இருந்தால் அதைச் சுற்றிக் காந்தப்புலம் இருக்கும். அதைத் திருப்பியும் போடலாம்: விண்வெளியில் எங்கே காந்தப்புலம் இடத்துக்கு இடம் திருகி மாறுகிறதோ, அங்கே மின்னோட்டம் இருந்தே ஆக வேண்டும். 3சி 303-க்கு யாரும் அம்மீட்டர் எடுத்துக்கொண்டு போகவில்லை. அதன் ரேடியோ அலைகள் அதிரும் தளம் எவ்வளவு திருகியிருக்கிறது என்பதிலிருந்து காந்தப்புலத்தையும், காந்தப்புலத்திலிருந்து ஆம்பியரையும் பின்னோக்கிக் கணக்கிட்டார்கள்.

இதற்கு அத்தனை தூரம் போக வேண்டியதுகூட இல்லை. திருநெல்வேலியில் இந்தியப் புவிகாந்தவியல் நிறுவனத்தின் ஆய்வகம் ஒன்று இருக்கிறது. பூமியின் காந்தப்புலம் தரைக்குக் கிடையாக இருக்கும் காந்த நடுக்கோட்டுக்கு அந்த ஊர் மிக அருகில் இருப்பதால், பகல் நேரத்தில் தலைக்கு மேலே சுமார் 105 கிலோமீட்டர் உயரத்தில் கிழக்கு நோக்கி ஒரு மின்னோட்டம் ஓடும். காலையில் தொடங்கி நண்பகலை ஒட்டி உச்சத்துக்குப் போய் மாலையில் அடங்கிவிடும். தரையில் இருக்கும் காந்தமானியின் வரைகோடு அதற்கேற்ப ஏறி இறங்கும். சுமார் 40,000 நானோடெஸ்லா (காந்தப்புலத்தை அளக்கும் அலகு) உள்ள புவிகாந்தப் புலத்தில் நண்பகலுக்கு ஐம்பது, நூறு நானோடெஸ்லா கூடிவிடும். 1963 நவம்பர் 21 அன்று தும்பாவிலிருந்து இந்தியாவின் முதல் ஆய்வு ராக்கெட் கிளம்பியது. அந்த மீனவக் கிராமத்தைத் தேர்ந்தெடுத்ததற்கு முக்கியக் காரணம், அது காந்த நடுக்கோட்டின் அருகில் இருந்ததுதான்.

துருவங்களில் இதைவிடப் பெரிய ஓட்டங்கள் உண்டு. துருவ ஒளியை உண்டாக்கும் மின்னோட்டம் விண்வெளியிலிருந்து காந்தக் கோடுகளின் வழியே இறங்கி வருகிறது என்று நார்வேக்காரரான கிறிஸ்டியன் பிர்க்லண்ட் 1908-இல் எழுதினார். சிட்னி சாப்மன் போன்ற பெரிய தலைகள் ஏற்கவில்லை. 1966-இல் செயற்கைக்கோளின் காந்தமானி அளவீடுகள் வெளியான பிறகுதான் பிர்க்லண்டின் பக்கம் காற்று அடிக்கத் தொடங்கியது. அவர் இறந்து அப்போது ஐம்பது ஆண்டு ஆகப்போகிறது. அந்த ஓட்டங்களின் அளவு பத்து லட்சம் ஆம்பியர் வரிசையில் வரும், காந்தப் புயல் நேரத்தில் அதைவிடக் கூடும்.

சூரியனைச் சுற்றி இன்னொன்று. சூரியக் காந்தப்புலத்தின் வடபாதியும் தென்பாதியும் சந்திக்கும் இடத்தில், சுழலும் பாவாடையின் மடிப்புகள் போல ஒரு மின்னோட்டத் தாள் கோள்களையெல்லாம் தாண்டி விரிந்து கிடக்கிறது. அதில் ஓடும் மொத்தக் கரண்ட் சுமார் 300 கோடி ஆம்பியர்.

மொத்தம் பெரிது, அடர்த்தி?

இங்கேதான் பெரும்பாலான பரபரப்புச் செய்திகள் வாசகரை விட்டுவிட்டுப் போகின்றன. மொத்த ஆம்பியரைச் சொல்வார்கள். அது எவ்வளவு பரப்பில் பரந்து கிடக்கிறது என்பதைச் சொல்ல மாட்டார்கள். விண்கலத்தின் கொக்கிக்கு எட்டுவது அடர்த்திதான்.

மூன்று இடங்களை வரிசையாக வைத்துப் பார்க்கலாம்.

1. தென்கோடித் தமிழகத்துக்கு மேலே ஓடும் அந்த நண்பகல் ஓட்டத்தில், ஒரு சதுர கிலோமீட்டர் பரப்பைக் கடந்து போவது அதிகபட்சம் 10 ஆம்பியர் அளவில். ஒரு சதுர கிலோமீட்டருக்கு இரண்டு ஏசி ஓட்டலாம் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

2. சூரியனின் மின்னோட்டத் தாளில், பூமியின் தொலைவில், அதே சதுர கிலோமீட்டரில் 0.1 மில்லி ஆம்பியர்.

3. விண்மீன்களுக்கு இடையே காந்தப்புலம் சுமார் 0.5 நானோடெஸ்லா. அது ஓர் ஒளியாண்டுக்குள் முற்றிலும் மாறிவிடுகிறது என்று தாராளமாகவே வைத்துக்கொண்டு கணக்கிட்டால், ஒரு சதுர ஒளியாண்டைக் கடக்கும் கரண்ட் ஏறக்குறைய 4 லட்சம் கோடி ஆம்பியர். கேட்க மலைப்பாக இருக்கும். ஆனால் இந்தியாவின் பரப்பில் மூன்றில் ஒரு பங்கு, அதாவது 10 லட்சம் சதுர கிலோமீட்டருக்கு ஒரு வலையை விரித்துப் பிடித்தாலும் அதன் வழியே போவது ஒரு ஆம்பியரில் 2.5 கோடியில் ஒரு பங்குதான். கைக்கடிகாரத்தின் முள்ளைக்கூட அது நகர்த்தாது.

இன்னொரு படத்தையும் கலைத்துவிட வேண்டும். கரண்ட் என்றதும் காவிரியில் வெள்ளம் வருகிற மாதிரி, அதில் படகை விட்டால் அடித்துக்கொண்டு போகும் என்று தோன்றும். சூரிய மின்னோட்டத் தாளில் எலக்ட்ரான்களுக்கும் புரோட்டான்களுக்கும் இடையே உள்ள வேக வித்தியாசத்தைக் கணக்கிட்டால் நொடிக்கு நூற்றுச் சொச்சம் மீட்டர்தான் வரும். அந்தப் பிளாஸ்மா முழுவதுமாக நொடிக்கு 400 கிலோமீட்டர் வேகத்தில் வீசிக்கொண்டிருக்கிறது. ஆக, வேகம் இருப்பது மின்னோட்டத்தில் அல்ல, காற்றில். இதை மனத்தில் வைத்துக்கொண்டால் மீதி எல்லாம் சுலபம்.

கொக்கி போட்டுப் பார்த்த அன்று

1996 பிப்ரவரி 25. கொலம்பியா விண்ணோடத்திலிருந்து இத்தாலி செய்த ஒரு செயற்கைக்கோளைக் கயிற்றில் கட்டி மேலே விட்டார்கள். கயிறு என்றால் இரண்டரை மில்லிமீட்டர் தடிமன், உள்ளே செப்புக் கம்பி, அதைச் சுற்றி மின்காப்பு உறை, அதற்கு மேல் இழுவை தாங்கும் நார். ஏறக்குறைய ஷூ லேஸ் கனத்தில் 20 கிலோமீட்டருக்கு மேல் நீளம்.

பூமியின் காந்தப்புலத்தைக் குறுக்கே வெட்டிக்கொண்டு ஒரு கம்பி நொடிக்கு ஏழரை கிலோமீட்டர் வேகத்தில் பறந்தால், அதன் இரு முனைகளுக்கு இடையே மின்னழுத்தம் உண்டாகும். டைனமோவின் அதே தத்துவம். ஒற்றைக் கம்பியில் எப்படிச் சுற்று முடியும் என்று கேட்கலாம். மிச்சச் சுற்றைப் பிளாஸ்மா முடித்துவைக்கிறது: மேல் முனையில் இருக்கும் செயற்கைக்கோள் சுற்றுப்புறத்திலிருந்து எலக்ட்ரான்களை உறிஞ்சும், அவை கம்பி வழியே இறங்கி வரும், கீழே விண்ணோடத்தில் இருக்கும் எலக்ட்ரான் துப்பாக்கி அவற்றை வெளியே பீச்சும்.

கயிறு மெல்ல மெல்லப் பிரிந்து 19.7 கிலோமீட்டர் வரை போனது. அழுத்தம் 3,500 வோல்ட்டை எட்டியது. கரண்ட், முன்கணிப்புகளைவிட நன்றாகவே வந்தது. அப்போது பட்டென்று கயிறு அறுந்தது. விண்ணோடத்தின் பக்கத்தில் எங்கேயோ மின்காப்பு உறையில் பழுது. அதன் வழியே மின்பொறி தாவி, ஒரு ஆம்பியர் அளவு கரண்ட் பாய்ந்து, நாரைக் கருக்கிவிட்டது. மிஞ்சிய முனையைச் சோதித்தபோது எரிந்து கருகியிருந்தது. செயற்கைக்கோள் நீண்ட வாலோடு தன் பாட்டுக்கு மேலே போய்விட்டது.

தோல்விதான். ஆனாலும் விண்வெளிக் கொக்கி வேலை செய்யும் என்பதற்கு இதைவிட நல்ல சாட்சி கிடையாது, கயிற்றையே எரிக்கும் அளவுக்கு வேலை செய்தது.

கரண்ட்டுக்கு யார் பில் கட்டுகிறார்கள்?

பழைய சைக்கிளில் டைனமோ வைத்து ஓட்டியவர்களுக்கு இது தெரியும். அதைச் சாய்த்து டயரில் உரசவிட்டதும் விளக்கு எரியும், மிதிப்பதும் கனத்துப் போகும். வெளிச்சத்துக்கான பில்லைக் கால் கட்டுகிறது.

கொலம்பியாவின் கயிற்றிலும் அதேதான். வந்த மின்சாரம் விண்வெளி சும்மா கொடுத்தது அல்ல, விண்ணோடத்தின் சுற்றுப்பாதை ஆற்றலிலிருந்து கழிந்தது. கம்பியில் கரண்ட் ஓடியதும் புவிகாந்தப்புலம் அந்தக் கம்பியைப் பின்னால் இழுத்தது. சூரியத் தகட்டின் மின்சாரத்தைக் கம்பியில் எதிர்த்திசையில் செலுத்தினால் முன்னே தள்ளும் என்பதும் உண்மை. ஆனால் அப்போது மின்சாரம் நம்முடையது, காந்தப்புலம் வெறும் பிடிமானம்.

இதைப் பொதுவான ஒரே விதியாகச் சொல்லலாம்: கொக்கி போட்டவனைப் பிளாஸ்மா தன் வேகத்துக்கு இழுக்கும். பிளாஸ்மா உங்களைவிட வேகமாகப் போனால் உந்துதல், மெதுவாகப் போனால் பிரேக். இந்த விதியை நான்கு இடங்களில் வைத்துப் பார்ப்போம்.

1. பூமிக்கு அருகே. பிளாஸ்மா பூமியோடு சேர்ந்து சாவகாசமாகச் சுற்றுகிறது, செயற்கைக்கோள் நொடிக்கு ஏழரை கிலோமீட்டரில் பறக்கிறது. எனவே பிரேக். பழைய செயற்கைக்கோள்களைக் கீழே இறக்கி எரிக்க இதைப் பயன்படுத்தலாம் என்று பல நாடுகளில் முயற்சி நடக்கிறது.

2. வியாழனுக்கு அருகே. இதுதான் நம் சூரியக் குடும்பத்திலேயே கொக்கி போட அருமையான இடம். வியாழனின் காந்தப்புலம் பிளாஸ்மாவைத் தன்னோடு வாரிச் சுழற்றுகிறது. அயோ என்ற துணைக்கோள் இருக்கும் இடத்தில் பிளாஸ்மாவின் வேகம் நொடிக்கு 74 கிலோமீட்டர், அயோவின் வேகம் 17. வித்தியாசம் 57 கிலோமீட்டர். அந்த வேகத்தில் காந்தப்புலம் உரசிப் போவதால், 3,640 கிலோமீட்டர் குறுக்களவுள்ள அயோவின் இரு பக்கங்களுக்கு இடையே சுமார் 4 லட்சம் வோல்ட் உண்டாகிறது. பல பத்து லட்சம் ஆம்பியர் கரண்ட் அயோவிலிருந்து வியாழனின் துருவங்களுக்கு ஓடி, அங்கே துருவ ஒளியில் ஒரு புள்ளியாக மினுங்குகிறது. ஆற்றல் ஒரு லட்சம் கோடி வாட் வரிசை, 1,000 மெகாவாட் அணு உலைகள் ஆயிரம் ஓடுவதற்குச் சமம். பிளாஸ்மா முந்திப் போவதால் இங்கே ஒரு விண்கலம் கம்பியை நீட்டினால் மின்சாரமும் கிடைக்கும், முன்னே தள்ளவும் செய்யும். இரண்டுக்கும் பில் கட்டுவது வியாழனின் சுழற்சி.

3. சூரியக் காற்றில். நொடிக்கு 400 கிலோமீட்டர், சில சமயம் 700. விண்கலங்கள் அதைவிடப் பல மடங்கு மெதுவானவை. எனவே உந்துதல்.

4. விண்மீன்களுக்கு நடுவே. அங்குள்ள வாயு சூரியனை ஒப்பிட நொடிக்கு 26 கிலோமீட்டரில் நகர்கிறது. விண்மீன் பயணத்துக்கு உருப்படியான கலம் என்றால் நொடிக்குச் சில ஆயிரம் கிலோமீட்டரிலாவது போக வேண்டும். எனவே பிரேக். பிரேக் மட்டும்தான்.

கேள்விக்கான பதில் இந்த நான்காவது வரியில் இருக்கிறது. அதற்குப் போவதற்கு முன் மூன்றாவதை ஒரு பார்வை பார்த்துவிடலாம். விண்மீன் பயணக் கனவின் நிஜமான பொறியியல் அங்கேதான் நடக்கிறது.

சூரியக் காற்றில் ஒரு மின்பாய்

1970-இல் நோபல் பரிசு பெற்ற ஸ்வீடன் நாட்டு ஹான்னஸ் ஆல்ஃப்வென், 1972-இல் ஒரு சிறு கட்டுரையில் இந்த யோசனையை வைத்தார். சூரியக் காற்று தன் காந்தப்புலத்தையும் இழுத்துக்கொண்டு வீசுவதால், மெதுவாகப் போகும் விண்கலத்துக்கு மீட்டருக்கு 2 மில்லிவோல்ட் அளவில் ஒரு மின்புலம் தென்படும். 500 கிலோமீட்டர் கம்பி நீட்டினால் 1,000 வோல்ட். மின்தடை இல்லாத மீக்கடத்திக் கம்பியாக இருந்தால் அதில் கரண்ட்டை ஓடவிட்டு உந்துதல் பெறலாம் என்றார். மின்னோட்டங்களையும் காந்தப்புலங்களையும் பிரித்துப் பார்க்கக் கூடாது என்று வாழ்நாள் முழுக்க வாதாடியவர் அவர். அண்டமே மின்சாரத்தால் ஆனது என்று பேசும் சிலர் இன்றும் அவர் பெயரைத்தான் கேடயமாகப் பிடிக்கிறார்கள். சூரியன் வெளியிலிருந்து வரும் கரண்ட்டில் எரிகிறது என்பது போன்ற அவர்களது கூற்றுகளுக்கு அளவீடு எதுவும் துணை நிற்பதில்லை. ஆல்ஃப்வெனின் கம்பி யோசனை அப்படிப்பட்டது அல்ல, கையால் போட்டுச் சரிபார்க்கக்கூடிய கணக்கு.

பின்லாந்து வானிலை ஆய்வு நிறுவனத்தைச் சேர்ந்த பெக்கா யான்ஹுனன் இந்த நூற்றாண்டின் தொடக்கத்தில் இன்னும் சுலபமான வழியைக் கண்டார். காந்தப்புலத்தை விட்டுவிட்டுப் புரோட்டான்களை நேராகப் பிடிப்பது. தலைமுடியைவிட மெல்லிய உலோக இழைகளை விண்கலத்திலிருந்து சக்கரத்தின் ஆரங்கள் போலச் சுழற்றி நீட்ட வேண்டும். அவற்றை 20,000 வோல்ட் அளவுக்கு நேர்மின்னழுத்தத்தில் வைத்தால், நேர்மின் கொண்ட புரோட்டான்கள் அருகே வந்ததும் விலக்கித் தள்ளப்படும். தள்ளுவதில் தங்கள் உந்தத்தை இழைக்குக் கொடுத்துவிட்டுப் போகும். மைக்ரான் கணக்கில் தடிமன் உள்ள இழை, பல பத்து மீட்டர் அகலப் பாய் போல வேலை செய்யும். இதற்குத்தான் மின்பாய் என்று பெயர். வந்து ஒட்டும் எலக்ட்ரான்களை வெளியேற்ற ஒரு சிறு எலக்ட்ரான் துப்பாக்கி போதும், அதற்குச் சூரியத் தகட்டின் மின்சாரம் போதும்.

எவ்வளவு தள்ளும்? பூமியின் தொலைவில் ஒரு கிலோமீட்டர் இழைக்கு அரை மில்லி நியூட்டன். கையில் இரண்டு அரிசி மணியை வைத்தால் எவ்வளவு கனக்குமோ அவ்வளவு. 20 கிலோமீட்டர் இழைகள் நூறு இருந்தால் ஒரு நியூட்டன், அதாவது 100 கிராம் எடை. ஒரு டன் விண்கலத்துக்கு இது நாளொன்றுக்கு நொடிக்கு 86 மீட்டர் வேகத்தைக் கூட்டும். எரிபொருள் செலவில்லாமல், நாள் தவறாமல். நாசாவின் மார்ஷல் மையம் 2014-ஐ ஒட்டி இதை ஆராய்ந்தபோது, சூரியக் காற்று முடியும் எல்லைக்குப் பத்துப் பன்னிரண்டு ஆண்டில் போய்விடலாம் என்று கணக்குச் சொன்னது. வாயேஜர் 1 அந்த எல்லையைக் கடக்க 1977-இலிருந்து 2012 வரை 35 ஆண்டு ஆனது.

நடைமுறையில் கதை இன்னும் தொடங்கவே இல்லை. எஸ்டோனிய மாணவர்கள் செய்த எஸ்ட்கியூப்-1 2013-இல் மேலே போனது, பத்து மீட்டர் இழைகூடச் சுருளிலிருந்து பிரியவில்லை. 2017 ஜூனில் ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து பிஎஸ்எல்வி-சி38 ஏற்றிச் சென்ற சிறு செயற்கைக்கோள்களில் பின்லாந்தின் ஆல்டோ-1 ஒன்று, அதிலும் இதே குடும்பத்தைச் சேர்ந்த பிளாஸ்மா பிரேக் ஒன்றை வைத்திருந்தார்கள். 2023-இல் கிளம்பிய எஸ்ட்கியூப்-2 ராக்கெட்டிலிருந்து பிரிந்ததற்கான அறிகுறியே கிடைக்கவில்லை. இவை எல்லாமே பூமியின் காந்தக் குடைக்குள் நடந்தவை. நிஜமான சூரியக் காற்று அந்தக் குடைக்கு வெளியேதான் வீசுகிறது.

சரி, எல்லாம் பிரிந்து வேலை செய்துவிட்டது என்றே வைத்துக்கொள்வோம். விதியை மறக்கக் கூடாது. காற்றின் வேகத்துக்குத்தான் இழுக்கும், அதற்கு மேல் இழுக்காது. நொடிக்கு 400 கிலோமீட்டர் முழுசாகக் கிடைத்தாலும், 4.24 ஒளியாண்டில் இருக்கும் பிராக்ஸிமா விண்மீனுக்குப் போக சுமார் 3,200 ஆண்டு ஆகும். வாயேஜரின் 75,000 ஆண்டோடு ஒப்பிட்டால் பிரமாதம்தான். ராஜராஜன் காலத்தில் கிளம்பிய கலம் இப்போது பாதி வழிகூடத் தாண்டியிருக்காது.

இருட்டில் கம்பி நீட்டினால்

சூரியக் காற்றின் எல்லைக்கு வெளியே, நான்காவது இடத்துக்கு வருவோம். அங்கே கரண்ட்டைப் பயன்படுத்தி முன்னே போக வைக்கும் யோசனைகள் மூன்று இடத்தில் முட்டிக்கொள்கின்றன.

1. எடுக்கக் கரண்ட் இல்லை. 10 லட்சம் சதுர கிலோமீட்டர் வலைக் கணக்கை மேலே பார்த்தோம்.

2. பிடிமானம் இல்லை. கரண்ட்டை நாமே கொண்டுபோனாலும், கம்பி மீதான விசை என்பது காந்தப்புலம், கரண்ட், நீளம் மூன்றையும் பெருக்கி வருவது. 100 கிலோமீட்டர் கம்பியில் 1,000 ஆம்பியரை ஓடவிட்டால், 0.5 நானோடெஸ்லா புலத்தில் கிடைக்கும் விசை 0.05 நியூட்டன். ஐந்து கிராம் எடை, ஒரு டீஸ்பூன் சர்க்கரை. ஒரு சதுர சென்டிமீட்டர் வெட்டுப்பரப்புள்ள அலுமினியக் கம்பி என்றால் அந்தக் கம்பியின் எடையே 27 டன், அதன் தடையில் வீணாகும் சூடு 28 மெகாவாட். ஒரு டீஸ்பூன் சர்க்கரையின் கனத்துக்கு இத்தனை பாடு. மீக்கடத்தி வைத்தால் சூடு போய்விடும், சர்க்கரை கூடாது.

3. ஆற்றல் கணக்கு. ஒரு டன் கலம் ஒளியின் வேகத்தில் பத்தில் ஒரு பங்கை எட்ட வேண்டுமானால் சுமார் 12,500 கோடி யூனிட் மின்சாரத்துக்குச் சமமான ஆற்றல் வேண்டும். 1,000 மெகாவாட் அணு உலை ஒன்று பதினான்கு ஆண்டு இடைவிடாமல் ஓடித் தரும் அளவு. வழியில் உரசிப் போகும் பிளாஸ்மாவிலிருந்து இதை எடுக்கலாம் என்றால், மறுபடி சைக்கிள் டைனமோதான். கலத்தின் வேகத்தைத் தின்றுதான் அந்த மின்சாரம் வரும்.

மூன்றாவது தடைக்கு ஒரு சந்துவழி உண்டு என்பதைச் சொல்லாமல் விட்டால் நியாயம் இல்லை. கடலில் ஆல்பட்ராஸ் பறவை இறக்கையடிக்காமல் மணிக்கணக்கில் பறக்கிறது. மேலே வேகமான காற்று, அலைக்கு அருகே மெதுவான காற்று, இரண்டுக்கும் இடையே மாறி மாறி வளைந்து அந்த வித்தியாசத்திலிருந்து வேகத்தை உறிஞ்சுகிறது. சூரியக் காற்றிலும் வேகமான பட்டை, மெதுவான பட்டை உண்டு. அவற்றுக்கு இடையே இப்படி வளைந்து வளைந்து ஒளியின் வேகத்தில் 2 சதவீதம் வரை போகலாம் என்று லாரூட்டூரூ, ஹிக்கின்ஸ், கிரீசன் ஆகிய மூவர் 2022-இல் கணக்கிட்டுக் காட்டினார்கள். அந்த வேகத்தில் பிராக்ஸிமா சுமார் 210 ஆண்டு. விதி உடையவில்லை. ஒரே காற்றில் நின்றால் அதன் வேகம்தான் வரம்பு, இரண்டு காற்று இருந்தால் தப்பிக்க இடம் இருக்கிறது. ஆனால் பக்கவாட்டில் தூக்கித் தள்ளும் காந்தப்பாய், அதாவது காந்தப்புலத்தையே விரித்துக் காற்றைப் பிடிக்கும் பாய், வேண்டும், அது இப்போதைக்குக் காகிதத்தில் மட்டும் இருக்கிறது.

பிரேக் ஏன் பெரிய விஷயம்?

"பிரேக் மட்டும்தான்" என்றதும் பலருக்குச் சப்பென்று ஆகியிருக்கும். உண்மையில் விண்மீன் பயணத்தில் நிற்பது, கிளம்புவதைப் போலவே கடினமானது. ராக்கெட்டில் கலத்தின் எடையைப் போலப் பத்து மடங்கு ஏற்றிக்கொண்டால்தான் ஒரு வேகத்தை எட்ட முடியும் என்றால், எட்டியபின் அதே ராக்கெட்டால் நிற்கவும் வேண்டுமென்றால் இருபது மடங்கு போதாது, நூறு மடங்கு வேண்டும். நிறுத்துவதற்கான எரிபொருளையும் சேர்த்து முதலில் வேகப்படுத்த வேண்டியிருப்பதால் வரும் வினை.

காந்தப்பாய் என்ற யோசனையே இந்த இடத்தில் பிறந்ததுதான். வழியில் இருக்கும் ஹைட்ரஜனைக் காந்தப்புலத்தால் அள்ளி, அதையே எரிபொருளாக்கிப் போகும் கலம் ஒன்றை 1960-இல் ராபர்ட் பஸ்ஸார்ட் முன்வைத்தார். 1980-களின் கடைசியில் டேனா ஆண்ட்ரூஸும் ராபர்ட் சூப்ரினும் அந்த அள்ளும் காந்தப்புலத்தைக் கணக்கிட்டபோது, அது தரும் இழுவை உந்துதலைவிட அதிகம் என்று தெரிந்தது. எஞ்சினாக உதவாது. அப்படியானால் பிரேக்காக வைத்துக்கொள்ளலாமே என்று திருப்பிப் போட்டார்கள்: ஒரு பெரிய மீக்கடத்தி வளையம், அதில் சுற்றிச் சுற்றி ஓடும் கரண்ட், அது உண்டாக்கும் காந்தக் குமிழியில் மோதித் திரும்பும் பிளாஸ்மா. வளையத்தைக் குளிர வைப்பதற்கும் விண்மீன்களுக்கு இடையே உள்ள குளிர் உதவிக்கு வருகிறது.

மெல்லிய வாயு எப்படி நிறுத்தும் என்று கேட்டால், வேகம்தான் பதில். அழுத்தம் வேகத்தின் வர்க்கத்தோடு கூடும். ஒளியின் வேகத்தில் 5 சதவீதத்தில் போகும் கலத்தின் மீது விண்மீனிடை பிளாஸ்மா தரும் அழுத்தம், பூமிக்கு அருகே சூரியக் காற்று தருவதைப் போல முப்பது மடங்குக்குக் கிட்ட வரும். அத்தனை ஆயிரம் கோடி கிலோமீட்டரில் கலத்தை உந்தாத அதே பிளாஸ்மா, நிறுத்தும்போது கெட்டியாகிவிடுகிறது. வேகம் குறையக் குறைய காந்தப்பாயின் பிடி தளரும், அங்கே மின்பாய் கைகொடுக்கும். இரண்டையும் சேர்த்தால் 5 சதவீத வேகத்திலிருந்து முப்பது ஆண்டுக்குள் நின்றுவிடலாம் என்று பெராகிஸ், ஹைன் இருவரும் 2016-இல் கணக்கிட்டார்கள். போய்ச் சேரும் விண்மீனுக்கும் சொந்தக் காற்று உண்டு, அது எதிரே வீசி மிச்சத்தைப் பார்த்துக்கொள்ளும்.

அதே 2016-இல் அறிவிக்கப்பட்ட ஸ்டார்ஷாட் திட்டத்தில் இந்த பிரேக் கிடையாது. கிராம் கணக்கில் எடையுள்ள சில்லுகளை லேசரால் ஒளியின் வேகத்தில் ஐந்தில் ஒரு பங்குக்குத் தள்ளி, இருபது ஆண்டுச் சொச்சத்தில் அனுப்புவது அதன் யோசனை. பூமிக்கும் சூரியனுக்கும் உள்ள தூரத்தை அந்தச் சில்லு 42 நிமிடத்தில் கடந்துவிடும். தேடிப் போன கோளைப் படம் எடுக்க அதற்குக் கிடைப்பது அந்த அளவு நேரம்தான். நிற்க வேண்டுமானால் கம்பியோ வளையமோ வேண்டும், ஒரு கிராமில் அதற்கு இடமில்லை.